கடலைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய அக்காவுக்கு

என் அன்பின் அக்கா,

நீங்கள் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் சுகம். அத்தான் தானே சமைக்கிறார், உப்புத்தான் இன்னும் பிடிபடவில்லை. போன கிழமை ஆற்றோரத்துக் கொலன்னாவையில் ஒன்று நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை: என் அக்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் கடல்மட்டம் அளந்தவர். நான் ஓர் அரசியல்வாதியின் மொழிபெயர்ப்பாளன். கூட்டங்களில் அவர் சிங்களத்தில் பேசுவார், நான் தமிழில் சொல்வேன்.

வெள்ளவத்தைக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? கடற்கரையோரம் சந்தைக் கட்டடம் கட்டப்போவதாக அவர் அறிவித்தார். நீங்கள் எழுந்து, சனத்துக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே கேட்டீர்கள்: "கட்டடத்தின்ர தரை எவ்வளவு உயரம் எண்டு எந்தக் காலத்துக் கடல்மட்டத்தை வைச்சுக் கணக்குப் பார்த்தனீங்கள்? கடல் ஏறிக்கொண்டு வருது."

அவர் சிரித்தார். கடல் அன்றும் இதுதான், இன்றும் இதுதான், ஏறுகிறது என்பது வெள்ளைக்காரன் எழுதிய கதை, இந்த அம்மா வீட்டுக்குப் போய் மீன்குழம்பை அளக்கட்டும் என்றார். சிங்களம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். உங்களுக்கும் சிங்களம் தெரியும். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி தமிழில் சொன்னேன்: "அதை அதிகாரிகள் கவனிப்பார்கள் என்று ஐயா சொல்கிறார்."

அன்று பின்னேரம் உங்கள் குசினிக்கு வந்தேன். நீங்கள் ஏசவில்லை. தேத்தண்ணி ஊத்திக்கொண்டே கேட்டீர்கள்.

"ஏன் தம்பி மாத்திச் சொன்னனீ?"

"உங்களை எல்லாருக்கும் முன்னால அவமானப்படுத்த ஏலாமல்தான் அக்கா."

"என்னையோ காப்பாத்தினனீ? அவரையெல்லோ காப்பாத்திப் போட்டாய். அவர் சொன்னதைச் சனம் அப்பிடியே கேட்டிருக்கோணும். எனக்குப் பிடிச்ச மாதிரி நான் கடலை எழுதிறேல்லை, தெரியுமோ?"

எனக்கு உறைத்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. நீங்களும் அதன் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த மாசி மாதம் ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தீர்கள். பிறகு இல்லை.

உங்கள் சாமான்களை எடுக்க அலுவலகத்துக்குப் போனது நான்தான். உங்களோடு வேலை செய்த நிமாலி என்னைக் கடலோரம் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் கடல்மட்டம் அளந்த இடத்தைக் காட்டினார். தண்ணீருக்குள் நிமிர்த்தி இறக்கிய ஒரு குழாய், அலை புகாமல் தண்ணீர் மட்டும் புக அடியில் சின்னத் துவாரம். வெளியே அலை சுவரில் மோதி என் சட்டை வரை தெறித்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது. அதே கடல்தான், அக்கா. அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு நடுவில் இப்படி ஓர் அமைதியை வைத்து, அதில் ஒரு நூலளவு வித்தியாசத்தை மனிதர் தேடுகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு நிமாலி கணினியில் ஒரு கோட்டைக் காட்டினார். நீங்கள் சரிபார்த்து ஒப்பமிட்ட வருடங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மெல்ல மேலே போகிற கோடு. அதன்மேல் இன்னொன்றை வைத்தார், இன்னும் ஒன்றை வைத்தார். எங்கேயோ குளிர் தேசத்துத் துறைமுகம் ஒன்று, எங்கேயோ ஒரு தீவு. உங்களை ஒருநாளும் காணாதவர்கள், நாம் கேட்டேயிராத பாஷைகளில் கதைக்கிறவர்கள். கோடுகள் ஒரே அச்சில்லை. ஒன்று கூட ஏறியது, ஒன்று குறைய ஏறியது. ஆனால் எல்லாம் சேர்ந்து பார்த்த பக்கம் ஒன்றுதான். இத்தனை பேர் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே உண்மைக்கு வந்து சேர முடியுமா? கணினிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

இனிக் கொலன்னாவைக்கு வருகிறேன். பெருமழை பெய்து வீடுகளுக்குள் ஆறு வந்தது. தண்ணீர் வற்றியதும் ஐயா கூட்டம் வைத்தார். ஈர மெத்தைகள் வீதியில் கிடந்தன. அவர் அதையேதான் சொன்னார்: மழை என்றால் வெள்ளம் வரும், காலநிலை மாற்றம் என்பது வெளிநாட்டுக் கதை, பயந்தவர்கள் கட்டிலை உயர்த்திப் போடுங்கள்.

நான் ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்தேன். பிறகு அப்படியே சொன்னேன். கட்டில் கதையையும் சேர்த்து.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார், மலைநாட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர் என்று பேச்சில் தெரிந்தது. "ஐயா, கட்டில ஒசத்திதான் போட்டிருந்தோம். தண்ணி அதுக்கும் மேல வந்திருச்சு. அஞ்சு நாளா வடியவும் இல்ல. இது யாரு எழுதுன கதைன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க வாசப்படிய எம்புட்டு ஒசத்தணும், அத மட்டும் சொல்லுங்க."

அதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். ஐயா என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது என்றார்.

திரும்பும் வழியில் வாகனத்தில் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். பிறகு, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "மல்லி, அது கதையில்லை என்று எனக்கும் தெரியும். ஒத்துக்கொண்டால், அப்படியென்றால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை." கொஞ்ச தூரம் போனதும், "நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அக்கா. அவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் அந்தப் பெரிய மனிதர் எவ்வளவு சிறியவராய்ப் பயந்துபோய் இருந்தார்!

நிமாலியிடம் சொன்னேன். ஒரு வெள்ளத்தை வைத்து மட்டும் ஒன்றும் தீர்மானிக்க ஏலாது, ஆனால் கடல் உயர உயர ஆறு வடிய நேரமெடுக்கும் என்றார். நீங்களும் இப்படித்தான் அளந்து சொல்லியிருப்பீர்கள்.

வாற ஞாயிறு காலை நிமாலி கொலன்னாவைக்கு வருகிறார். முன்பள்ளிக் கட்டடத்தில் சனத்தோடு பாய் விரித்து இருக்கப்போகிறோம். அவர் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். அந்த அம்மா தன் வாசற்படியைப் பற்றி மறுபடி கேட்பார். முழுப் பதில் தன்னிடமும் இல்லை என்று நிமாலி இப்போதே சொல்லிவிட்டார். இல்லை என்பதையும் தமிழில் சொல்வேன், அக்கா. சொல்லிவிட்டு, அந்த அம்மாவோடு போய் அவர் வீட்டு வாசலில் தண்ணீர் நின்ற தடத்திலிருந்து அளக்கத் தொடங்குவேன்.

உங்கள் கடைசித் தம்பி,
ரமணன்