தினம் ஒன்று, வாரம் ஒன்று

நவ. 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. சேக்காட்டுத் தெருவில் முழங்கால் தண்ணீர். மருந்துக்கடைக்கு நனைந்தே வந்தேன். ஒரே காய்ச்சல் கூட்டம். கவுண்டரில் பார்மசி படித்தவள் நான் ஒருத்திதான். சுவரில் என் சான்றிதழ், பக்கத்தில் முதலாளியின் குலதெய்வம்.

கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர். மனைவிக்கு மூட்டுவாதம், டாக்டர் இன்றுதான் எழுதிய புது மாத்திரைகள். "இங்கிலீஷ் வராது பாப்பா. கவர் மேல தமிழ்ல எழுதிக் குடு. சீக்கிரம், வெள்ளானூர் பஸ்ஸு போய்டும்." இரண்டு மாத்திரை, தலா ஓர் அட்டை. முதலாளி பின்னாலிருந்து, "பில்லு வாணாம், வுடு வுடு, கூட்டம் நிக்குது."

அம்மாவுக்குக் குடை வாங்கணும். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ, செருப்பு தைக்கணும்.

நவ. 4, செவ்வாய்
வெயில். வேறொருவருக்கு அதே மூட்டுவாத மாத்திரை. கவரில் 'வாரம் 1' என்று எழுதும்போதே நேற்றைய கவர்கள் நினைவுக்கு வந்தன.

நேற்று கவர்களை முதலில் எழுதிவிட்டேன். அட்டைகளைப் பிறகுதான் எடுத்தேன். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒன்று. அதன் பக்கவிளைவைத் தணிக்கும் ஃபோலிக் ஆசிட் தினம் ஒன்று. இரண்டும் மஞ்சள், இரண்டும் பொட்டளவு. எதை எதில் போட்டேன்? மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் தின்றால் வாயெல்லாம் புண். பிறகு ரத்த அணுக்கள் குறையும். பிறகு ஆளே போகலாம்.

பில் போட்டிருந்தால் போன் நம்பர் இருக்கும். பெயர்கூடத் தெரியாது. வெள்ளானூர் பஸ் என்றார், அது மட்டும் தெரியும்.

நவ. 5, புதன்
முதலாளியிடம் கேமரா பார்க்கக் கேட்டேன். "இன்னாம்மா, பில்லு போடாத யாவாரத்துக்கு நீயே சாட்சி தேட்றியா? ஒண்ணியும் ஆவாது. நம்ம ஜனம் எதையும் தாங்கும்."

நம்ம ஜனமாம்! அவர் பிள்ளைக்குத் தும்மல் வந்தால் அண்ணா நகரில் டாக்டர்.

அவர் டீ குடிக்கப் போனபோது கேமராப் பதிவை நானே போட்டுப் பார்த்தேன். கல்லாப்பெட்டி தெரிகிறது, அதைத் தொடும் எங்கள் கைகள் தெரிகின்றன. மருந்து கொடுக்கும் இடம் தெரியவில்லை. திருட்டுக்கு மட்டும் கண் வைத்திருக்கிறார்.

நவ. 6, வியாழன்
தலைவலி என்று லீவு. அந்த ஆளைத் தேடி வெள்ளானூர். புது வீடுகள், சேறு, நாய்கள். டீக்கடையில் விசாரித்தேன். "கம்பெனி சட்டையா? பாதி ஊரு அதத்தான் மாட்டிகினு கீது. இன்னாம்மா, கல்யாணத்துக்கு மாப்ளை பாக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள். கை விரல் வீங்கிய அம்மா யாராவது? யாருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு கேவலமான நினைப்பு: பில் இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னையே அறையலாம் போல.

நவ. 7, வெள்ளி
தூறல். கடையில் யார் ஏறினாலும் அவரா என்று பார்க்கிறேன். குடை வாங்கவில்லை.

நவ. 8, சனி
அவர் வந்தார்.

"வாய்ப் புண்ணுக்கு எதுனா குடுங்க. வூட்டுக்காரி சோறே துன்ன மாட்டேன்றா. தண்ணி பட்டாகூட எரியுதாம்."

முதலாளி அதற்குள் ஜெல்லை எடுத்து வைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பேசாதே என்று.

"அண்ணா, அந்த மஞ்ச மாத்திரைங்க எப்படிக் குடுத்தீங்க?"

"நீ எழுதின மேரிதான் பாப்பா. நானே காலைல எடுத்துக் குடுக்கிறேன். ஒரு நாள்கூட வுடல." பையிலிருந்து கவர்களை எடுத்தார். 'தினம் 1' கவருக்குள் மெத்தோட்ரெக்சேட். பாதி அட்டை காலி.

"நான் மாத்திப் போட்டுட்டேன்ணா. தப்பு என்னுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஏய், வாய மூட்றி!" முதலாளி. கடை முழுக்கத் திரும்பியது. ஆட்டோ பிடித்து அந்த அண்ணாவோடு வெள்ளானூர் போய், மனைவியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி.

அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சு. அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன், குறித்துக்கொண்டார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை. அந்தம்மாவுக்கு முறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த அண்ணாவிடம் மறுபடி முழுக்கச் சொன்னேன். இரண்டு கவரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ நாளைக்குக் காலைல எதுவும் குடுக்க வாணாம்ல, பாப்பா?"

இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்.