உன் அண்ணனுக்காக நான் நின்ற வழக்கு

இன்று காலை நீதிமன்றப் படிக்கட்டில் யாரோ கராம்பு மென்றுகொண்டு என்னைக் கடந்து போனார். என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். பல்வலிக்காகத் தொடங்கி உனக்குப் பழக்கமாகிப்போன கராம்பு. வாதாட எழும்புமுன் கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாய். நம் அறையின் கதிரை, வழக்குக் கோவைகள், குடை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதினெட்டு வருடம் மட்டக்களப்பில் ஒரே அறையில் இருந்து தொழில் செய்தோம். நான் முஸ்லிம்களின் ஏறாவூர், நீ தமிழரின் படுவான்கரை. ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்த காலத்திலும் வாசற்பலகையில் நம் இரண்டு பெயர்களும் கிடந்தன. யுத்தம் முடிந்தபின் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாருக்கெல்லாம் நீதான் மனு எழுதினாய். அவர்கள் அழுது முடிக்கும்வரை பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை வராது. நான் வெளியே போய்விடுவேன்.

பல வருடங்கள் தலைவர் இல்லாமல் கிடந்த உங்கள் பிரதேச சபைக்குத் தேர்தல் வந்தபோது ஊரே திரண்டு வந்து உன்னைக் கேட்டது. நீ தவிசாளரானாய். அன்று எல்லோருக்கும் முன்னால் உன்னைக் கட்டிப்பிடித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அறையில் உன் கதிரை வெறுமையாகவே கிடந்தது. நம்மிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள்கூட என்னிடம் உன்னைத்தான் விசாரித்தார்கள். ஒரு கலியாண வீட்டில் என்னைக் காட்டி, "இவர் நம்மட தவிசாளர்ட சிநேகிதர்" என்றார் ஒருவர். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சுவிஸிலிருந்து உன் அண்ணன் வந்தார். வாவிக்கரையில் காணி வாங்கி, உல்லாச விடுதி கட்டுவதற்கென்று மதில் எழுப்பினார். அந்த மதில் தோணித்துறைக்குக் குறுக்கே போயிற்று. மீன்பிடிக்கிறவர்கள் தோணியைக் கரைசேர்க்க இடமில்லாமல் உன்னிடம் வந்தார்கள். நீ அண்ணனிடம் மூன்று தரம் போய்க் கேட்டாயாம். அவர் மசியவில்லை. கடைசியில் மதிலை இடிக்கச் சொல்லி உன் கையெழுத்தில் கட்டளை போயிற்று. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் வழக்கை ஏற்றுக்கொண்டேன்.

அன்று பின்னேரமே நீ வந்தாய். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நீ எடுக்காட்டி வேற ஆள் எடுப்பான், அது எனக்கு விளங்குது மச்சான்" என்றாய். "ஆனா நீ எடுக்காம உட்டிருந்தா, அண்ணன் ஒரு நாளாவது யோசிச்சிருப்பான்."

சட்டத்தரணி வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஏதோ சொன்னேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய்.

இடிக்கும் கட்டளைக்குத் தடையுத்தரவு எனக்குக் கிடைத்தது. மதில் நின்றது. உன் சபையில் பலர் அண்ணனின் பக்கம் சாய்ந்தார்கள். உன் வரவுசெலவுத் திட்டத்தை இரண்டு முறை தோற்கடித்தார்கள், பதவி போயிற்று. சபையின் வாகனத் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு, மெயின் றோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினாயாம். நம் அறைக்கு நீ திரும்பி வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டாய். பலகையிலிருந்து உன் பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைக் கூப்பிடவும் வாய் வரவில்லை.

மீனவர்கள் வழக்கில் சேர்ந்தபோது அவர்களுக்காக நீயே வந்து நின்றாய். அண்ணனின் வழக்கில் தம்பி நிற்பது சரியா என்று நீதிபதி கேட்டார். வேறு எவரும் முன்வரவில்லை என்று மட்டும் சொன்னாய். சாட்சிக்கூட்டில் உன் அண்ணன். நீ கோவையைப் புரட்டினாய், பிறகு மூடிவிட்டாய். அதுவரை பேசிய நீதிமன்றத் தமிழ் உன்னிடமிருந்து கழன்று போனது.

"நம்மட அப்பா தோணிய எங்க கட்டுறவர், அண்ணன்?"

நான் எழும்பி ஆட்சேபித்தேன். நீதிபதி அதை ஏற்கவில்லை. உன் அண்ணன் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கதான்" என்றார்.

மதில் நிற்பது துறையில்தான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது, அதோடு வழக்கு முடிந்த மாதிரிதான். மதில் விழுந்தது. தோணிகள் துறைக்கு வந்தன. உன் அண்ணன் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினார். வென்ற நீயோ அந்த வருடமே படுத்துவிட்டாய். ஈரலில் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது பாதியாகிப் போயிருந்தாய். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஏறாவூரிலிருந்து வழிநெடுக வசனம் அமைத்துக்கொண்டு வந்தேன். நீ முந்திவிட்டாய்.

"அண்ணன்ட பக்கம் நீ நின்டது நல்லம் மச்சான். இல்லாட்டி அவன் தனிச்சுப் போயிருப்பான். அதுக்குத்தான் நீ நின்ட, எனக்குத் தெரியும்."

உன் போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த கிழமை வந்து உள்ளதைச் சொல்வோம் என்று நினைத்தேன். உன் அண்ணனுக்குத் துணையாக நான் நிற்கவில்லையடா. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் சிறுத்துப்போனது பொறுக்காமல் நின்றேன். அடுத்த கிழமைக்கு நீ இருக்கவில்லை.

உன் அடக்கத்துக்கு அண்ணனால் வரமுடியவில்லை. மயானத்தில் என் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் மண் போட்டார்கள். என் இரண்டு கைகளிலும் தொலைபேசி இருந்ததால் உனக்கு ஒரு பிடி மண் போட எனக்கு வாய்க்கவில்லை.

போன மாசம் அவர் மறுபடியும் போன் எடுத்தார். கொஞ்ச நேரம் ஊர்மழையைப் பற்றி விசாரித்தார். பிறகு, தம்பி கடைசியாகத் தன்னைப் பற்றி ஏதும் சொன்னானா என்று கேட்டார். நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

"அதுக்காகத்தானா தம்பி நீங்க என்ட வழக்க எடுத்தீங்க?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் அழத் தொடங்கினார், ஒரு வருத்தம் தீர்ந்தவர் அழுவதுபோல. அந்த ஒற்றைச் சொல்லை அதன்பிறகு என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. அவரிடம் இனி உண்மையைச் சொல்ல வழியில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.