வாயை முகர்ந்தவனுக்கு

வெள்ளிக்கிழமைதோறும் என் தோளோடு தோள் நின்று தொழுதவனே,

அன்று, நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றி உன்மேல் சாய்ந்தேன். நீயோ ஸ்பாக்ஸ் ஊரே பார்க்க என் வாயை முகர்ந்து, "நோன்பு மாசத்துலகூடவாடா குடிப்பே?" என்று கேட்டாய். மறுநாளே, உன் மகன் என் மகள் ஷிராஸுக்குப் போட்ட நிச்சய மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாய்.

குடியாம், குடி!

டாக்டர் சுஹைரா என் தலையைக் கட்டில் விளிம்பில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பினார். "காதுக்குள்ள இருக்கிற சின்னத் துகள் இடம் மாறிப்போச்சு மாமா, அவ்வளவுதான்" என்றார். சுற்றல் அன்றே நின்றது.

ஷிராஸ் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதை விடு.

பெருநாள் தொழுகைக்கும் உன் பக்கத்தில்தான் நிற்பேன். சுற்றல் மறுபடி வரலாமாம். வந்து சாய்ந்தால், மூக்கை நீட்டாதே. கையை நீட்டு.

உன் சம்பந்தி ஆகியிருக்க வேண்டியவன்