எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிடம் நிற்கும்

மார்ச் 1, சனி

ஆர்டர் வந்துவிட்டது! திங்கள் முதல் காலை ஏழு நாற்பது எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் இரண்டு நிமிடம் நிற்கும். பத்தொன்பது வருஷமாகப் பெரிய வண்டி எதுவும் இங்கே நின்றதில்லை. மனு எழுதி எழுதி என் கையெழுத்தே கோணிப்போனது வீண்போகவில்லை.

ஆனால் ஒரு மாதம் சோதனைதான். தினம் சராசரி நாற்பது பேர் ஏற வேண்டும். இல்லையென்றால் இந்த நூற்றுப்பத்து வயசு ஸ்டேஷன் கட்டடத்தை மூடிக் கிடங்காக்கிவிடுவார்கள். டிக்கெட் கவுன்டர் போகும், என்னையும் எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள்.

அந்த வண்டியை ஓட்டுவது யார்? என் வீட்டுக்காரர்! பதினோரு வருஷமாக ஹார்ன் அடித்துக்கொண்டு என் கவுன்டர் ஜன்னலைத் தாண்டிப் பறக்கிற மனுஷன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 2

இரும்புத் தூண் பதினாறுக்கும் பச்சை பெயின்ட். என் மூக்கிலும்.

மார்ச் 3

ஐயோ! ஐயோ!

பேண்டு வாத்தியம் தயார். ரிப்பனோடு மேலதிகாரி. டிக்கெட் எடுத்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். முன்வரிசையில் என் மாமியார். வண்டி வந்தது. இவர் ஹார்ன் அடித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையசைத்தார் — போயே போய்விட்டார்!

மேலதிகாரியின் தொப்பி காற்றில் பறந்து தண்டவாளத்தில் விழுந்தது. மாமியார் பிளாட்பாரத்தின் கோடி வரை ஓடினார். "டேய், நில்லுடா! டேய்!"

இன்றைய கணக்கு சைபர் என்று எழுதிக்கொண்டார் மேலதிகாரி.

வீட்டில் இவர் தலை நிமிரவே இல்லை. "எல்லாம் ஞாபகம் இருந்துச்சும்மா. உன் ஜன்னலைப் பாத்ததும் கை தானா ஹார்னுக்குப் போயிருச்சு. அப்புறம் தாண்டிப் போறதுதானே பழக்கம்."

அழத்தான் ஆரம்பித்தேன். பாதியில் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 4

நின்றது. ஆனால் ஏறியது பதினேழு பேர். மற்றவர்கள் நம்பாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மூடிவிடுவார்களோ?

மார்ச் 6

தொப்பி பறந்த வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றுகிறதாம்! இவருக்கு "நிக்காத மாமா" என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்காவது நிற்பாரா என்று பார்க்கக் கும்பல். வண்டி நின்றதும் ஒரே விசில். நிக்காத மாமா ஓட்டுகிற வண்டியில் ஒரு தடவை போயே ஆகணுமாம் — அறுபத்தோரு டிக்கெட்!

மார்ச் 7

எழுபத்தெட்டு. மூச்சுவிட நேரமில்லை. ஆஹா!

மார்ச் 19

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது."

"சிரிச்சுட்டு டிக்கெட் எடுக்கிறாங்கல்ல? இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க."

மாமியார் சும்மா இருக்கக்கூடாதா? "இன்னொரு தடவை நிக்காம போயிடேன்டா, கூட்டம் இன்னும் சேரும்."

இவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 2

சராசரி ஐம்பத்தெட்டு! நிரந்தரம்! ஸ்டேஷன் மாஸ்டர் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, சட்டென்று சுதாரித்து, பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டார்.

ஜூன் 14

விசில் அடிக்க இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான்.

இன்று இவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எஞ்சின் வரை ஓடிப் போய்க் கொடுத்தேன். திரும்பும்போது ஜன்னலோரம் கைக்குழந்தையோடு ஒரு பெண், முன்பின் தெரியாதவள், புருஷனிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

"எக்ஸ்பிரஸ்னு பேருதான். கண்ட ஊர்லயெல்லாம் நிக்குது, சனியன்!"

அவள் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்திருப்பேன். வண்டி கிளம்பிவிட்டது.