மேப்பிள் கிளையில் நுரைப்பந்து

ஜூன் 4

இந்த மலைக் கிராமத்துக்குக் குடிவந்து ஐந்து நாள். என் கணவர் தெரூவோ இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். என் சேமிப்பில் வாங்கிய வீடு, என் பிடிவாதம். ஜூலை 31 வரை இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு ஒசாகாவுக்கே திரும்பிவிடுவோம் என்பது எங்களுக்குள் பேச்சு. நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமே போட்டுவிட்டார், மனுஷன். இன்று, கொசு என்று சொல்லி, பின்பக்கக் குளத்தைச் சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டினார். முப்பத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது.

ஜூன் 9

காய்ந்த குளத்துக்கு மேலே நீண்டிருக்கும் மேப்பிள் கிளையில் வெள்ளையாக ஒரு நுரைப்பந்து, சோற்றுக் கிண்ணம் அளவு. மரத்துக்கு ஏதோ நோய் என்று தெரூவோ ரம்பத்தை எடுத்துவிட்டார். நல்லவேளை, வெங்காயம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஃபுசாயே-சான் பார்த்தாள்.

"அது மரத்தவளை முட்டைங்க. பத்து நாள்ல குஞ்சுங்க சொட்டுச் சொட்டா கீழ தண்ணியில விழும்," என்றவள் குளத்தை எட்டிப் பார்த்தாள். "தண்ணி எங்க போச்சு?"

தெரூவோ ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அன்று இறைக்கும்போதே அது அங்கே இருந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால்தானே. நான் மட்டும் பார்த்தேனா?

ஜூன் 10

நேற்று நாங்கள் குளித்து மிஞ்சிய தொட்டித் தண்ணீரை, துணி துவைக்க வைத்திருந்ததை, வாளி வாளியாகக் குளத்தில் ஊற்றியிருக்கிறார். வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இடுப்புவலிக்கு அவர் அதில் போடும் யுசு எலுமிச்சைக் குளியல் உப்பு? குளமே மஞ்சள் நிறமாகி எலுமிச்சை வாசம் அடிக்கிறது. ஃபுசாயே-சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, இதில் ஒரு குஞ்சும் பிழைக்காது என்றாள்.

வேணும்னே செய்றீங்களா? இந்த வீட்ல எதுவுமே பொழைக்கக் கூடாதா? — கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜூன் 11

விடிந்ததிலிருந்து குளத்தை இறைத்தார், கழுவினார், மறுபடி இறைத்தார். பிறகு மலையோடையிலிருந்து நாற்பத்திரண்டு வாளி, அந்த இடுப்போடு. குளிக்கப் போகும்போது உப்புப் பாக்கெட்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஜூன் 16

மழையே இல்லை. நுரை காய்ந்து பழுப்பாகிறது. ஸ்டூல் மேல் ஏறிப் பூவாளியோடு நிற்கிறார்.

ஜூன் 19

மழை. குடை பிடித்துக் குளக்கரையில் குந்தியிருந்தார். நுரை கரைந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சொட்டின. பஸ்ஸில் பயணிகளுக்கு அறிவிக்கும் தன் பழைய குரலில் அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவசரப்படாதீங்க. வண்டி நின்னப்புறம் எழுந்திரிங்க."

ஓய்வு பெற்றபின் அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. கதவருகிலேயே நின்று அழுதேன்.

ஜூலை 12

பின்னங்கால் முளைத்திருக்கிறதாம். ஓடி வந்து சொன்னார்.

ஜூலை 31

வட்டம் போட்ட நாள். நகம் அளவுத் தவளைகள் புல்லில் ஏறிக் காட்டுப் பக்கம் போகின்றன. மிதித்துவிடக் கூடாதென்று தெரூவோ கொல்லையில் செருப்பில்லாமல் நடக்கிறார். இவை வளர்ந்து முட்டையிடத் திரும்பி வர எத்தனை நாளாகும் என்று ஃபுசாயே-சானைக் கேட்டார். மூன்று வருடமாவது ஆகும் என்றாள்.

சாப்பிடும்போது நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசுவே," என்றார். "மூணு வருஷத்துக்குச் சேர்த்து ஒரே நாட்காட்டியா எங்கயாவது விக்கிறாங்களா?"