திராட்சை ரசத்தை நிறுத்திவிட்டேன், அண்ணா

என் செல்ல அண்ணனுக்கு,

இந்த வருஷம் பாத்தியில் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. என் வீட்டுக்காரர், அதாவது உன் அருமை மச்சான், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் போன மாசம் அவரோடு நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் மகன் செந்தில் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். மஞ்சள், ஆப்பிள் தோல், கறுப்புத் திராட்சை இவற்றில் இருக்கும் சத்துகள், தனித்தனியாகச் செய்யாததை ஒன்றுசேர்ந்தால் செய்கின்றனவாம். உன்னைக் கொண்டுபோன புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க உதவலாமாம். விடுவேனா? மூன்றையும் போட்டு, மிளகு தட்டி, ரசமே வைத்துவிட்டேன். முதல் நாள் உன் மச்சான் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கூனிமேட்டுப் பழக்கடை பாய், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்கும் அளவுக்குத் திராட்சை வாங்கினேன். போகப்போக அந்த ரசம் இல்லாமல் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். உப்பளத்தில் மறைவுக்கு ஒரு மரம் உண்டா? ஒண்ணுக்குப் போக மோட்டார் கொட்டகையின் பின்பக்கம்தான். மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீ அடிக்கடி போனாயே, வேலையில் அக்கறை என்றுதானே நாங்கள் நினைத்தோம்? இப்போது உன் மச்சானும் ஒரே நாளில் நாலைந்து தடவை மோட்டாரைப் பார்க்கப் போனார். அன்றைக்குக் கரண்டே இல்லை, அண்ணா.

டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். அதான் உன் ரசத்தைக் குடிக்கிறேனே என்று சிரித்தார். நான் ஆசையாக வைத்த ரசமே அவருக்குச் சாக்காகிவிட்டது. வந்த கோபத்தில் அன்றைக்கே நிறுத்தினேன்.

"ரத்தம் குடுத்துட்டு வாங்க. அப்புறம் ரசம் ஊத்தறேன்."

வெறும் மோர்ச்சோறுதான். சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தவர், ஒரு காலையில் தானாகவே பைக்கை எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டார். பாண்டியில் டாக்டரம்மா பரிசோதித்து, ரத்த முடிவையும் பார்த்து, புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை, வயசுக்கு வரும் வீக்கம்தான் என்று மாத்திரை எழுதினார். என் ரசத்தைப் பற்றியும் கேட்டேன். லேபிலும் எலிகளிடமும் பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை என்றார்.

"தாராளமா சாப்பிடுங்கம்மா. ஆனா அத நம்பி டெஸ்ட்ட விட்டுடாதீங்க."

வெளியே வந்ததும் உன் மச்சான் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அழுதார்.

"உங்கண்ணனுக்கும் யாராவது மோர்ச்சோறு போட்டிருக்கணும், செல்வி."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

இனி வருஷா வருஷம் இவரை அழைத்துப்போவேன். அப்பாவுக்கு வந்ததால் செந்தில் கொஞ்சம் முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவன் வெட்கப்பட்டால் காதைப் பிடித்து இழுத்துப்போவேன், இது சத்தியம். உன்னைக் கொடுத்ததே போதும், அண்ணா.

சொன்ன பேச்சு கேட்காத உன் தங்கச்சி,
செல்வி