‘கேத்தல்’ கதையில் வரும் கணவன் நான் அல்லன்

அனுப்புநர்:
மு. வீரசிங்கம்,
4ஆம் இலக்க லயம், 6ஆம் காம்பரா,
கீழ்ப்பிரிவு, ஊசிப்பாறைத் தோட்டம்,
நமுனுகுல.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
பதுளை மாவட்டம்.

விடயம்: முகநூலில் வெளியான ‘கேத்தல்’ என்னும் சிறுகதையும் அதன் கீழ் வாசகர்கள் எழுதிய கருத்துகளும் எனது குடும்பத்துக்கு விளைவித்த கேடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கீழ்ப்பிரிவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டும், மழையில் அடித்துப்போன சிறுபாலத்தைக் கட்டித் தரக் கேட்டும் தங்களுக்கு எழுதியவன் நான்தான். எங்கள் பிரிவில் யாருக்கு என்ன குறை என்றாலும் பதினாறு ஆண்டுகளாக நானே மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஊருக்காக எழுதும்போது தானாக ஓடிய பேனா, சொந்த விடயத்துக்கு மூன்று நாட்களாக ஓடவில்லை. ஆகவே சொற்களில் சூடு தெரிந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. எமது தோட்டத்தின் மேற்பிரிவைச் சேர்ந்த செல்வி த. துஷ்யந்தி, வயது இருபத்தாறு, ஆசிரியை, கடந்த மே மாதம் 4ஆம் திகதி ‘கொழுந்துக்கூடை’ என்னும் முகநூல் பக்கத்தில் மேற்படி கதையை வெளியிட்டார். ஒரு தோட்டத்தில் ஒரு புருஷன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பகல் ஒரு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறான். கொழுந்து பறிக்கும் மனைவி மாலை ஐந்து மணிக்குத்தான் வருகிறாள். அந்த நான்கு மணித்தியாலமும் அவன் அடுப்படியில் குந்திக்கொண்டு, அவள் வந்து கேத்தலை அடுப்பில் வைத்து, பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றித் தரும்வரை காத்திருக்கிறான். தேயிலைத்தூள் டின் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதாம். ஒரு நாள் மனைவி வருகிறாள், காய்ந்து கிடக்கும் கேத்தலைப் பார்க்கிறாள், வந்த வழியே திரும்பி நடக்கிறாள். அத்துடன் கதை முடிகிறது. எங்கே போனாள், எப்போது வருவாள் என்று ஒரு வரி கிடையாது. நான் எழுதும் மனுக்கள்கூட இப்படி நடுவழியில் நிற்பதில்லை.

2. செல்வி துஷ்யந்தி திருமணமாகாதவர். ஈர விறகை ஊதிக் கண் எரிந்தவரா என்றால் அதுவும் இல்லை. அவர் வீட்டில் காஸ் அடுப்பு. கவ்வாத்துக் கத்தி பிடித்தவனின் மணிக்கட்டு மாலையில் எப்படி வீங்கும் என்பது அவருக்குத் தெரியுமா? ஒரு மணிக்கு வந்து நான் சும்மா குந்தியிருப்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மனுக்கள் எழுதுகிறேன். தங்களுக்கு வந்த தண்ணீர்க் குழாய் மனு அப்படி எழுதப்பட்டதுதான். வாயில் ஒரு சொட்டுத் தேநீர் படாமல் ஐந்து மணிவரை இருந்து எழுதினேன்.

3. கதையை விடக் கேடு அதன் கீழ் எழுதப்பட்ட கருத்துகள். நான் கடைசியாகப் பார்த்தபோது அறுநூறைத் தாண்டியிருந்தன. பண்டாரவளையிலிருந்து காமிலா என்பவர், ‘எங்க வீட்டுலயும் இதே ஆளு, இதே கேத்தலு. கும்புடுற எடம் மட்டுந்தான் வேற’ என்று எழுதுகிறார். அப்புத்தளையிலிருந்து தயானி என்பவர், ‘இருவது வருசமா அந்தக் கேத்தல வச்சிக்கிட்டிருக்கேன். இன்னக்கி எறக்கி வச்சிட்டேன்’ என்கிறார். பதுளையில் பாத்திரக்கடை நடத்தும் புஹாரி, ‘நம்ம கடையில புதுக் கேத்தல் வந்திருக்கு, ஆம்பளைங்க வந்தா வெல கொறச்சுத் தாறோம்’ என்று இதிலும் வியாபாரம் பார்க்கிறார். ரஜீவ் என்பவர் மட்டும், ‘பொம்பளைக்கு நாலெழுத்து தெரிஞ்சா இப்பிடித்தான். இவள எவன் கட்டுவான்?’ என்று கேட்டிருந்தார். அதற்கு நான் விருப்பக்குறி இட்டேன், மறைக்கவில்லை. கதைக்கு இதயக்குறி போட்டவர்களின் பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகையில், கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் சொந்த மகள் விஜயலெட்சுமியின் பெயரும் இருந்தது. இதையெல்லாம் நான் பார்க்கும் கைபேசியை வாங்கி அனுப்பியதும் அவள்தான்.

4. மே 5ஆம் திகதி நான் மறுப்பு எழுதினேன். மொட்டைக் கடிதம் எழுதுவது என் பரம்பரையிலேயே இல்லை. ஆகவே அனுப்புநர், பெறுநர், விடயம் என முறைப்படி இட்டு, என் பெயர், குடியிருக்கும் லயம், காம்பரா இலக்கம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பின்வருவனவற்றை எழுதினேன்:

(அ) கதையில் வருவதுபோல எனது கேத்தல் ஒரு பக்கம் நசுங்கியது அல்ல. பண்டாரவளைச் சந்தையில் வாங்கியது, பிடி மட்டுமே மாற்றப்பட்டது.

(ஆ) கை எட்டும் தூரத்தில் தேயிலைத்தூள் டின் ஏதும் எனது அடுப்படியில் இல்லை.

(இ) இருபத்து நான்கு வருட இல்லற வாழ்க்கையில் எனது மனைவி பூவம்மா தேநீர் தொடர்பில் ஒருமுறையேனும் முறைப்பாடு செய்ததில்லை.

இதன் கீழ் இருநூறு பேர் சிரிப்புக்குறி போட்டார்கள். அதுவரை கதையில் வருகிறவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பொலிசில் முறைப்பாடு செய்யப் போனபோது அங்கிருந்தவரும் அதைத்தான் சொல்லி, எனது மறுப்பை மட்டும் இரண்டுமுறை வாசித்துவிட்டு, போய் வரச் சொன்னார். செல்வி துஷ்யந்தி எனக்கு, ‘மாமா, கோவிக்காதீங்க. நான் எழுதுனது எங்கப்பாவப் பத்தி’ என்று பதில் எழுதினார். அவருடைய அப்பா தங்கவேலுவும் நானும் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கவ்வாத்து வெட்டியவர்கள். இறந்துபோன மனிதர். பெற்ற தகப்பனையே இப்படி அடுப்படியில் குந்த வைத்து ஊருக்குக் காட்டுகிற பெண், பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பார்?

5. மறுநாளிலிருந்து காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், என் பெயரைக் கூப்பிட்டதும் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து ‘உஸ்’ என்று கேத்தல் கொதிக்கிற சத்தம் வருகிறது. யார் செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மலையைப் பார்க்கிறார்கள். பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையும் ஒரு நாள் சிரித்துவிட்டார். நான் கோயில் கமிட்டியின் செயலாளர். இந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நன்றிகூட இல்லை.

6. இனி எழுதப்போவதை எழுத எனக்கு மனமில்லை, ஆனால் உண்மையை மறைத்து மனு எழுதக் கூடாது. பூவம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், கைபேசி எழுத்து அவருக்குச் சரிவராது. ‘அப்பிடி என்னத்தத்தான் எழுதியிருக்கு அந்தப் புள்ள?’ என்று கேட்டார். அவரும் என் பக்கம் நின்று இரண்டு வார்த்தை திட்டுவார் என்று நினைத்து, மே 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கதையை நானே உரக்க வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் அவர் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கீழே உள்ளவர்கள் எழுதியதையும் வாசிக்கச் சொன்னார். காமிலா எழுதியது, தயானி எழுதியது, பெயர் தெரியாத ஊர்ப் பெண்கள் எழுதியது என்று தொண்டை கட்டும்வரை வாசித்தேன். நடுவில் ஒரேயொரு தடவை, ‘இத்தன பேரா?’ என்று கேட்டார். என்னுடைய மறுப்பையும் வாசித்தேன். (இ) வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

7. மே 15ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு மழையில் நனைந்து வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஆமாம், குந்தித்தான் இருந்தேன். கால் கழுவினார். கேத்தலைப் பார்த்தார். இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, ‘அக்கா வீட்டுக்குப் போறேன். கேத்தலு அடுப்படியிலதான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார். அவருடைய அக்கா அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறார். இதுவரை பூவம்மா ஒரு கலியாணம், ஒரு சாவு தவிர வேறொன்றுக்கும் என்னை விட்டுப் போய் அங்கே தங்கியதில்லை. இன்றுடன் பதினெட்டு நாட்கள் ஆகின்றன.

8. தொலைபேசியில் அழைத்தேன். ஆறாவது தடவை எடுத்தார். வேலைக்குப் பெயர் வெட்டிவிடுவார்கள் என்றேன், தோட்டத் துரையிடம் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார். ஊர் என்ன பேசும் என்றேன். அதற்கு அவர் கேட்டது, ‘அந்தக் கதையில அந்தப் பொம்பள திரும்பி வந்துட்டாளா?’ என்பதுதான். கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். ‘அப்பச் சரி, வைங்க போன’ என்றார்.

ஐயா, இருபத்து நான்கு வருடம் என்னோடு வாழ்ந்த ஒரு மனுஷி, ஒன்றரைப் பக்கக் கதையின் பேச்சைக் கேட்டு நடக்கிறார். எழுதியவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். ‘அருமை’ என்று கை தட்டிய அறுநூறு பேரும் அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். காமிலாவும் தயானியும் இந்நேரம் தத்தம் வீட்டில் கேத்தலைத் திரும்ப வைத்திருக்க மாட்டார்கள் என்று யார் கண்டது? இந்த லயத்தில் அடுப்பு எரியாமல் கிடப்பது என் காம்பரா ஒன்றுதான். இதைக் கேட்க நாதியில்லையா?

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது:

மேற்படி கதையை நீக்க உத்தரவிட வேண்டும் என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். நீக்கிவிட்டால் அவள் போனபடியே நின்றுவிடுவாள்.

எனவே, செல்வி த. துஷ்யந்தி அவர்களைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, கதையின் இரண்டாம் பகுதியை எழுதும்படியும், அதில் மனைவி வீடு திரும்புவதாக எழுதும்படியும் பணிக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால், ஒரு மூத்தவர் என்ற முறையில் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் நேரில் போய்க் கேட்க முடியாத அளவுக்கு அவரைப் பற்றி முகநூலில் எழுதிவிட்டேன், பதினொரு தடவை. இரண்டாம் பகுதியில் புருஷனை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். அவன் கேத்தலை வைத்ததாக எழுதினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுதி வெளியிட்டதும் நானே தொலைபேசியில் பூவம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொள்கிறேன்.

இந்த விடயத்தைத் தண்ணீர்க் குழாயைவிட அவசரமானதாகத் தாங்கள் கருத வேண்டும் என்று கேட்டு, பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,

மு. வீரசிங்கம்
கோயில் கமிட்டிச் செயலாளர்

இடம்: ஊசிப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவு
திகதி: 2025.06.02

இணைப்பு: ‘கேத்தல்’ கதை, கையால் பார்த்தெழுதிய பிரதி ஒன்று. கருத்துகளில் முக்கியமானவை, நான்கு பக்கங்கள்.

திருத்தம்: மேலே 4(ஆ) பந்தியில் நான் கூறியுள்ளது தவறு. மனுவை உறையில் இடுமுன், பொய்யான விடயம் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக இன்று பகல் ஒரு மணிக்கு வேலையால் வந்து தேடிப் பார்த்தேன். தேயிலைத்தூள் டின் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் இருக்கிறது. நான் வழக்கமாகக் குந்தும் இடத்திலிருந்து எழும்பாமலே எடுக்கலாம். கேத்தலில் தண்ணீர் வைத்துள்ளேன், இதை எழுதும்போது கொதிக்கிறது. எத்தனை கரண்டி தூள் போடுவது என்று கதையில் இல்லை. பூவம்மாவிடம் கேட்பதற்கு இப்போது மறுபடி அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

– மு. வீ.